எழுபத்தெட்டு நாள்

(திருப்பூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு "தொழிலாளர் மருத்துவக் காப்பீடு, ஊதியத்துடன் கூடிய விடுப்பு: நிறுவனங்களின் கடமை" என்று தலைப்பு போட்டிருக்கிறார்கள். மூச்சு வாங்குகிற தலைப்பு. நம் ஊரில் இது மொத்தத்துக்கும் ஒரே ஒரு சொல்தான்: கம்ப்ளையன்ஸ். "இன்னைக்குக் கம்பெனியில கம்ப்ளையன்ஸுங்க" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், பையர் ஆடிட் வருகிறது என்று பக்கத்தில் நிற்பவருக்குப் புரியும். அன்றைக்குக் கழிப்பறையில் புதுச் சோப்பு இருக்கும். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு இருக்கும். தீயணைப்புக் கருவிக்கு முன்னால் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகள் இடம் மாறியிருக்கும். ஆடிட்டரின் கார் கேட்டைத் தாண்டியதும் சோப்பு ஸ்டோர் ரூமுக்குத் திரும்பும். அதைத் திருப்பி எடுத்து வைத்த ஆட்களில் நானும் ஒருவன்.

நான் வக்கீல் இல்லை. இருபத்திரண்டு வருடம் பனியன் கம்பெனிகளின் டைம் ஆபீசில் உட்கார்ந்து வருகைப் பதிவேடு எழுதியவன். அதனால் சட்டம் முழுவதையும் பேசப்போவதில்லை. ஒரே ஒரு எண்ணைப் பற்றிப் பேசுகிறேன். 78.

அந்த எண் வருவது இஎஸ்ஐ, அதாவது தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில். இஎஸ்ஐ சட்டம் 1948இல் வந்தது. அதற்கு அடிப்படையான அறிக்கையை 1944இல் அதார்கர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் எழுதிக் கொடுத்தார். இங்கிலாந்தின் பெவரிட்ஜ் அறிக்கை பரபரப்பாகப் பேசப்பட்ட காலம் அது. இவரைச் "சின்ன பெவரிட்ஜ்" என்றே சொன்னார்களாம். 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதலில் வந்த இடம் நம்ம கோயம்புத்தூர், 1955 ஜனவரியில். அப்போது திருப்பூர் அந்த மாவட்டத்தில் ஓர் ஊர். மில் தொழிலாளிக்காகக் கோவையில் கால் வைத்த திட்டம் இன்று பவர் டேபிளில் உட்கார்ந்து தைப்பவருக்கும், செக்கிங் மேசையில் நிற்பவருக்கும் பொருந்துகிறது. பத்துப் பேர் வேலை செய்கிற இடமாக இருந்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும்.

பணம் எவ்வளவு? 2019 ஜூலையிலிருந்து தொழிலாளியின் பங்கு முக்கால் சதவீதம், முதலாளியின் பங்கு மூன்றேகால் சதவீதம். 12,000 ரூபாய் சம்பளக்காரருக்கு முதலாளி மாதம் 390 ரூபாய் கட்டுகிறார். 26 வேலை நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 15 ரூபாய், அதாவது ஒரு டீ. தொழிலாளி கட்டுவது மாதத்துக்கு 90 ரூபாய். இதற்கு மருத்துவம் உண்டு. நோயில் படுத்தால் வருடத்துக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நோய்களுக்கு 80 சதவீதம், இரண்டு வருடம் வரைக்கும். பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம். வேலையில் அடிபட்டால் 90 சதவீதம்.

இப்போது அந்த 78. நோய்க்கால உதவித்தொகை வாங்க வேண்டுமானால், ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சம்பளம் வாங்கியிருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது 78? ஆறு மாதத்தில் 26 வாரம். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 156. அதில் சரிபாதி. பாதி நாளாவது வேலை செய்தவருக்குத்தான் உதவி என்பது நியாயமான கணக்குத்தான்.

ஆனால் இன்னொரு முடிச்சு இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வேலை செய்ததற்குப் பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அக்டோபர் முதல் மார்ச் வரையிலானதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை. பிப்ரவரியில் காய்ச்சல் வந்தால், போன வருடம் சித்திரையிலிருந்து புரட்டாசி வரை உங்கள் பெயருக்கு நேராக எத்தனை நாள் எழுதியிருக்கிறது என்றுதான் அலுவலகம் பார்க்கும். அப்போது நீங்கள் நன்றாக இருந்தீர்கள். யார் என்ன எழுதினார் என்று கவனித்திருக்க மாட்டீர்கள்.

சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் 140 பேர் இருந்தார்கள். செக்கிங்கில் ஓர் அக்கா. பீஸ் ரேட்டு. அந்த வருடம் மே மாதம் முழுக்க அம்மாவின் சாவுக்கும் காரியத்துக்கும் ஊரிலேயே தங்கிவிட்டார். அதற்குப் பிறகு ஆர்டரும் மந்தம். சாயப்பட்டறையிலிருந்து துணி வராத நாட்களில் ஆட்கள் எட்டரைக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள். பத்தரை, பதினொன்று ஆகும். சூப்பர்வைசர் வந்து, "துணி வல்லீங்க, போய்ட்டு நாளைக்கு வாங்க" என்பார். அந்த நாளுக்கு நான் பதிவேட்டில் "ஆ" போடுவேன். ஆப்சென்ட். பீஸ் ஓடவில்லை, கூலி இல்லை. கூலி இல்லாத நாளை எப்படி வருகை என்று எழுதுவது? எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார். நானும் எழுதினேன்.

அடுத்த பிப்ரவரியில் அந்த அக்காவுக்கு மஞ்சள் காமாலை. ஐந்து வாரம் படுக்கை. கிளை அலுவலகத்தில் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அவர் பெயரில் இருந்தது 71 நாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், என் ஜன்னலுக்கு வந்தார். முகம் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. சத்தம் போடவில்லை.

"ஏனுங் தம்பி, நான் எந்தெந்த நாளுங்க வரல?"

பதிவேட்டை எடுத்துத் தேதியாகப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. "அன்னைக்கு வந்தேனுங்களே. ஆடி பதினெட்டுக்கு முந்தின நாள். பதினோரு மணி வரைக்கும் மேசைகிட்டயேதான் உக்காந்திருந்தேன். நீங்ககூட டீ குடிக்கப் போகையில பாத்தீங்க."

பார்த்தேன். எனக்கும் ஞாபகம் இருந்தது. அப்படி வந்து திரும்பிய நாட்களை இருவருமாக எண்ணினோம். 11. 71உம் 11உம் 82.

இதில் வேடிக்கை என்னவென்றால், சட்டத்தில் இதற்கு வழி இருந்தது; எனக்குத்தான் தெரியவில்லை. தொழில் தகராறு சட்டத்தில் 1953இலேயே சேர்த்துவிட்டார்கள்: வேலைக்கு வந்து நின்ற ஆளுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் வேலை கொடுக்காவிட்டால், அந்த நாள் ஆப்சென்ட் இல்லை, லே-ஆஃப். 50 பேருக்குக் குறையாத தொழிற்சாலையில், ஒரு வருடம் தொடர்ந்து இருந்தவருக்கு அந்த நாளுக்குப் பாதிச் சம்பளம் உண்டு. இஎஸ்ஐ சட்டத்தில் "சம்பளம்" என்பதற்கான விளக்கத்தை எடுத்துப் பார்த்தால், லே-ஆஃப் நாளுக்குக் கொடுக்கும் பணமும் அதற்குள் வந்தது. அதாவது அந்த 11 நாளும் கணக்கில் ஏறியிருக்க வேண்டியவை. மே மாதம் முழுக்க வராதவருக்கு "தொடர்ந்து ஒரு வருடம்" என்பது பொருந்துமா என்று வக்கீல்கள் வாதிடட்டும். நான் சொல்ல வருவது, அந்தக் கேள்வி எழவே வாய்ப்பில்லாதபடி என் பேனா ஒரே எழுத்தில் முடித்துவிட்டது என்பதைத்தான்.

திருத்திக் கொடுக்கலாம் என்று ஓனரிடம் போனேன். பழைய மாதத்தைத் திறந்தால் மற்ற 139 பேர் கணக்கையும் கேட்பார்கள் என்றார். பாக்கெட்டிலிருந்து 2,000 ரூபாய் எடுத்து, "அந்தம்மாகிட்டக் கொடுத்துருங்க, பாவம்" என்றார். கெட்டவர் இல்லை. பணம் கொடுக்க அவருக்கு மனம் வந்தது. நாளைக் கொடுக்கத்தான் வரவில்லை. அக்கா பணத்தை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரத்திலிருந்து தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் வந்த நேரம், போன நேரம் எழுதி, சனிக்கிழமை சாயங்காலம் கட்டாகக் கொண்டுவந்து என் பதிவேட்டோடு ஒப்பிட ஆரம்பித்தார். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் திட்டுவார்கள். அவர் அசையமாட்டார்.

இப்போது பதிவேடு கணினிக்குப் போய்விட்டது. ஒவ்வொரு மாதமும் இஎஸ்ஐ இணையத்தில் ஏற்றும் எக்செல் கோப்பை இங்கே பார்க்காத அக்கவுண்டன்ட் இருக்க மாட்டார். ஐபி நம்பர் என்கிற தொழிலாளியின் காப்பீட்டு எண், பெயர், நாள் எண்ணிக்கை, மொத்தச் சம்பளம். நாள் பூஜ்யமாக இருந்தால் காரணம் சொல்ல ஒரு கட்டம். அதற்குக் குறியீடுகள் இருக்கின்றன: விடுப்பு, வேலையை விட்டார், இறந்துவிட்டார், வேலைநிறுத்தம், இப்படி. அதில் "வேலை இல்லை" என்றும் ஒன்று இருக்கிறது. "காரணம் இல்லை" என்றும் ஒன்று இருக்கிறது. நம் ஆட்கள் அதிகம் போடுவது எது என்று நான் சொல்லத் தேவையில்லை. சிரிப்பிலிருந்தே தெரிகிறது.

நாள் எப்படியெல்லாம் காணாமல் போகிறது? பத்துப் பேர் கணக்கை எட்டாமல் இருக்க, ஒரே ஷெட்டுக்கு நடுவில் பிளைவுட் தடுப்பு வைத்து, இந்தப் பக்கம் ஓனர் பெயர், அந்தப் பக்கம் சம்சாரம் பெயர். கான்ட்ராக்டில் வரும் ஆட்களுக்குத் தொழிலாளியின் முக்கால் சதவீதத்தோடு முதலாளியின் மூன்றேகாலையும் சேர்த்து நாலு சதவீதமாகக் கூலியிலேயே பிடித்துவிடுவது. முதலாளி தன் பங்கைத் தொழிலாளியின் கூலியில் பிடிக்கக் கூடாது என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்கிறது. பிறகு, பிடித்த பணத்தைக் கட்டாமல் விடுவது. இது வேறு வகைத் தப்பு. தொழிலாளியிடம் பிடித்த அந்தத் தொகை, முதலாளியை நம்பி ஒப்படைத்த பணம் என்கிறது சட்டம். கட்டாவிட்டால் குறைந்தது ஒரு வருடச் சிறை. மாதம் 90 ரூபாய்க்காக.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நடப்பது இன்னும் மோசம். ஐபி நம்பர் என்பது ஆளோடு போக வேண்டியது. கம்பெனி மாறினாலும் அதே நம்பர்தான். ஆனால் பழைய நம்பரைக் கேட்டு இணைக்கும் சோம்பலில் ஒவ்வொரு கம்பெனியிலும் புது நம்பர் போட்டுவிடுவார்கள். நீண்ட நோய் உதவிக்கு இரண்டு வருடத் தொடர்ச்சி வேண்டும். ஆறு வருடம் திருப்பூரில் தைத்தவர், நம்பர் கணக்கில் ஏழு மாதத்து ஆள். ஆதார் வந்த பிறகு இது குறைந்திருக்கிறது.

இங்கே உட்கார்ந்திருக்கும் தொழிலாளர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்ளக் கூடாது. "இஎஸ்ஐ எல்லாம் வேண்டாமுங்க, அந்தக் காசையும் கையில கொடுத்துருங்க" என்று என் ஜன்னலில் கேட்டவர்கள் கொஞ்ச நஞ்சம் இல்லை. ஏன் கேட்கிறார்கள் என்பதும் தெரியும். டிஸ்பென்சரியில் அரை நாள் நின்றால் பீஸ் ரேட்டுக்காரருக்கு அரை நாள் கூலி போகிறது. பெரிய வைத்தியம் என்றால் கோவை சிங்காநல்லூருக்குப் பஸ் ஏற வேண்டியிருந்தது. நம் ஊரில் 100 படுக்கை இஎஸ்ஐ மருத்துவமனைக்கு 2019 பிப்ரவரியில்தான் அடிக்கல் நாட்டினார்கள். இத்தனை லட்சம் பேர் பணம் கட்டுகிற ஊருக்கு அதுவே தாமதம். ஆனால் ஒன்று: முதலாளியும் தொழிலாளியும் பேசி ஒத்துக்கொண்டு விட்டுவிடக் கூடியது இல்லை இது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் செல்லாது. தையல் மிஷினில் விரல் போன அன்றைக்குத்தான் இரண்டு பேருக்கும் அது உறைக்கும். அன்று ராத்திரியே அவசர அவசரமாக ஐபி நம்பர் போட்டு, நேற்றே சேர்ந்தவர் மாதிரி காட்டப் பார்ப்பார்கள். இணையம் நேரத்தையும் சேர்த்துப் பதிந்துகொள்ளும் என்பதை மறந்துவிட்டு.

விடுப்புக்கு வருகிறேன். பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, அடுத்த வருடம் 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு இருந்தது. நம் ஊர் வழக்கம் என்ன? தீபாவளிக்குப் போனஸ் கவரில் லீவ் சம்பளத்தையும் சேர்த்துப் போட்டுவிடுவது. கவர் கனமாகத் தெரியும். எது போனஸ், எது லீவ் என்று பிரித்துக் கேட்பவர் இல்லை. பணம் வந்துவிட்டது, சரி. ஆனால் அவர் வீட்டில் காலை நீட்டிப் படுத்த நாள் எங்கே? வேலையில் இருக்கும்போது லீவைக் காசாக்கச் சொல்லி அந்தச் சட்டம் கேட்கவில்லை. எடுக்காத லீவை 30 நாள் வரை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னது. வேலையை விட்டுப் போகும்போதுதான் காசு என்றது. அதில் இன்னொரு அழகான விதியும் இருந்தது. நான்கு நாளோ அதற்கு மேலோ லீவு எடுத்தால், லீவு தொடங்கும் முன்பே அந்த நாட்களுக்கான சம்பளத்தைக் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. ஊருக்குப் போகிற ஆள் வெறுங்கையோடு பஸ் ஏறக் கூடாது என்று யாரோ யோசித்து எழுதியிருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் அப்படிக் கொடுத்ததில்லை.

சிலர் 240 நாளே வராதபடி நடுவில் ஆளை நிறுத்தி, பத்து நாள் கழித்துப் புது ஆளாகச் சேர்ப்பார்கள். புதிய தொகுப்பில் 240 என்பது 180 ஆகியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டதால், நான் சொல்லும் பழைய சட்டப் பெயர்கள் பலவும் இனி அவற்றுக்குள்தான். நாக்கு பழகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளருக்கும் அங்கே புதுப் பெயர்: ஆய்வாளர் மட்டும் இல்லை, வசதி செய்து கொடுப்பவரும் அவரே. யாருக்கு வசதி என்பது போகப் போகத் தெரியும்.

தேசிய, பண்டிகை விடுமுறை: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு ஐந்து பண்டிகை நாள். ஒன்பது. 1958ஆம் வருடத்துத் தமிழ்நாட்டுச் சட்டம். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளத்தோடு மாற்று விடுமுறை. இதை ஓரளவு எல்லோரும் செய்கிறோம். கண்ணுக்குத் தெரிகிற லீவு இது.

பிரசவ விடுப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1928இல் பம்பாய் சட்டசபையில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். தாய்க்கு ஓய்வு கொடுப்பதால் நாட்டுக்கே நன்மை, ஆகவே அந்தச் சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பது அவர் வாதம். பம்பாய்ச் சட்டம் 1929இல் வந்தது, சென்னை மாகாணச் சட்டம் 1934இல். ஆனால் சுமையை யார் தூக்குவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 2017இல் 12 வாரத்தை 26 வாரமாக்கினார்கள். இஎஸ்ஐக்குள் இருக்கும் பெண்ணுக்கு அந்தப் பணத்தை இஎஸ்ஐ கொடுக்கிறது. 12,000 ரூபாய் வாங்குபவர் என்றால் கிட்டத்தட்ட 70,000 ரூபாய். முதலாளிக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. மாதாமாதம் கட்டிய 390 ரூபாயோடு சரி. இதற்குத் தேவை இரண்டு பங்களிப்புக் காலத்தில் 70 நாள். 21,000க்கு மேல் வாங்கும் பெண்ணுக்கோ, ஆறு மாதச் சம்பளத்தையும் அந்த ஒரு முதலாளியே கொடுக்க வேண்டும். அதனால்தான் மெர்ச்சண்டைசர் வேலைக்கு வருகிற பெண்ணிடம், "கல்யாணம் எப்பம்மா?" என்று அக்கறை மாதிரி ஒரு கேள்வி விழுகிறது.

என் கருத்தை மறைக்க வேண்டியதில்லை. முழுச் செலவையும் ஒரே ஆள் தலையில் கட்டினால் அவர் தப்பிக்கத்தான் பார்ப்பார். மகப்பேறு விடுப்புச் சட்டத்தில் அந்தக் குறை இருக்கிறது. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் போட்டு வைத்திருக்கும் பொதுப் பணத்திலிருந்து கொடுப்பது சரியான ஏற்பாடு. அந்தச் சரியான ஏற்பாட்டையும் ஒரு டீக் காசுக்காக நாம் ஓட்டை போடுகிறோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

முதலாளிகள் முகம் சுருங்குவது மேடையிலிருந்து தெரிகிறது. உங்கள் பக்கம் பேசாமல் போகமாட்டேன். ஜாப் ஒர்க் செய்பவருக்கு எக்ஸ்போர்ட்டர் 90 நாள் கழித்துப் பணம் கொடுக்கிறார். எக்ஸ்போர்ட்டரைப் பையர் பத்து சென்ட் குறைக்கச் சொல்கிறார். குறைக்கச் சொன்ன அதே பையர்தான் அடுத்த வாரம் ஆடிட்டரை அனுப்பி லீவ் ரிஜிஸ்டர் எங்கே என்று கேட்கிறார். பீஸ் விலை பேசும்போது நூல், பட்டன், லேபிள், பாலி பேக் என்று வரி வரியாகக் கணக்கு எழுதுகிறீர்களே, அதில் இஎஸ்ஐக்கு ஒரு வரி, லீவுக்கு ஒரு வரி எழுதிப் பையர் முன்னால் வையுங்கள். பட்டன் விலையை யாரும் தன் கையிலிருந்து போடுவதில்லை.

தொழிலாளர்களுக்கு இரண்டு செய்தி. முதலாளி பணம் கட்டவில்லை என்பதால் உங்கள் உரிமை போய்விடாது. அவர் கட்டத் தவறியிருந்தாலும் இஎஸ்ஐ உங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கலாம் என்று பழைய சட்டத்தின் 68ஆம் பிரிவே இருக்கிறது. நோய்க்கால உதவி வாங்கிக்கொண்டிருக்கும்போது வேலையை விட்டு நீக்கவும் கூடாது, அது 73. இரண்டாவது, உங்கள் ஐபி நம்பரைப் போட்டு இணையத்தில் நுழைந்தால், மாதாமாதம் எத்தனை நாள் ஏற்றியிருக்கிறார்கள் என்று செல்போனிலேயே பார்க்கலாம். பிள்ளைகளைக் கேளுங்கள், எடுத்துக் கொடுப்பார்கள். குறைந்திருந்தால் அந்த மாதமே டைம் ஆபீஸ் ஜன்னலுக்குப் போங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் என்னைப் போல ஒருவன், பழைய மாதத்தைத் திறக்க முடியாது என்பான்.

இன்னும் பேசலாம். ஆனால் பின்வரிசையில் இரண்டு மூன்று அக்கவுண்டன்டுகள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். நாளை மறுநாள் பதினைந்தாம் தேதி. செலான் கட்டக் கடைசி நாள். அவர்கள் ஆபீசுக்குத் திரும்பிப் போய் நாள் கட்டத்தை நிரப்ப வேண்டும். நான் உட்காருகிறேன்.